மாப்பிள்ளையும் மூச்சு மெஷினும்

கொழும்பு, கட்டுநாயக்க விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பையைத் திறந்தார். உள்ளே என் மெஷின், சுருட்டி வைத்த குழாய், மூக்கில் மாட்டும் முகமூடி. இது எதற்கு என்று ஆங்கிலத்தில் கேட்டார். மூச்சு விடுவதற்கு என்றேன். "அப்படியென்றால் இப்போது எப்படி விட்டுக்கொண்டிருக்கிறீர்கள்?" என்றார். நியாயமான கேள்விதான். விழித்திருக்கும்போது நானே விட்டுக்கொள்வேன், தூங்கும்போதுதான் உதவி தேவை என்று விளக்கினேன். அவர் பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுச் சிங்களத்தில் ஏதோ சொன்னார். இருவரும் என் வயிற்றைப் பார்த்தார்கள். பிறகு போகச் சொல்லிவிட்டார்கள்.

எனக்கு இருப்பது தூக்கத்தில் மூச்சடைக்கும் வியாதி. தூங்கியதும் தொண்டைத் தசைகள் தளர்ந்து, காற்றுப் போகிற வழியை அடைத்துக்கொள்ளும். மூச்சு நிற்கும். மூளை பதறிப்போய் உலுக்கும். கர்ரென்று ஒரு இழுப்பு, மறுபடி தூக்கம், மறுபடி அடைப்பு. விடிய விடிய இதே கூத்து. நமக்கு ஒன்றுமே தெரியாது, காலையில் அலுப்பு மட்டும்தான் தெரியும். மற்றதெல்லாம் பக்கத்தில் படுத்தவர்களுக்குத் தெரியும்.

தோஹாவில் நான் வேலை பார்த்தபோது அப்படிப் பக்கத்தில் படுத்தவர்கள் ஒன்றுகூடி ஒரு முடிவெடுத்தார்கள். என்னையும், என்னைப் போலவே குறட்டை விட்ட இலங்கைக் கல்முனை ரிபாஸையும் ஒரே அறையில் போட்டுக் கதவைச் சாத்திவிட்டார்கள். எங்கள் நட்பு அப்படித் தொடங்கியது. டாக்டரிடம் சேர்ந்தே போனோம். ஆளுக்கொரு மெஷின் வாங்கினோம். அது ராத்திரி முழுக்க மூக்கு வழியாகக் காற்றைத் தள்ளி, தொண்டை மூடிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும். நான் அதோடு அருப்புக்கோட்டைக்குத் திரும்பினேன். அவன் கல்முனைக்குப் போய் வேன் ஓட்டத் தொடங்கினான்.

போன மாதம் ரிபாஸ் போனில் கூப்பிட்டான். "மச்சான், நிக்காஹ் வெச்சிரிக்கி. ஒரு கிழமை முந்தியே வந்திரு. மெஷின் இல்லாம குறட்டைய நிப்பாட்டுற வழி எல்லாத்தையும் படிச்சிட்டு வா."

உன் மெஷின் என்னவானது என்று கேட்டேன். கல்யாணப் பேச்சு தொடங்கிய நாளிலேயே அதை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டானாம்.

காரணம் விளங்க வேண்டுமென்றால் அந்தப் பக்கத்து வழக்கம் தெரிய வேண்டும். எங்கள் ஊரில் பெண்தான் மாப்பிள்ளை வீட்டுக்கு வருவாள். மாப்பிள்ளை எப்படிக் குறட்டை விட்டாலும் அது அவள் தலையெழுத்து. கல்முனைப் பக்கத்து முஸ்லிம் ஊர்களில் அப்படியே தலைகீழ். பெண்ணுக்குப் பெற்றோர் வீடு கட்டி வைத்திருப்பார்கள். ஆண்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கே குடிபோக வேண்டும். அவன் பெட்டியைத் திறந்து அடுக்குவது மாமியும் மச்சிமாரும். அவன் தூங்கும் சத்தம் கேட்பது அவர்கள் காதில். "மூஞ்சில குழாய மாட்டிட்டுப் படுக்கிற மருமகன் எண்டா நிந்தவூரே சிரிக்கும் மச்சான்" என்றான். அவன் வாழப் போகிற ஊர் நிந்தவூர்.

ரிபாஸ் தன் வேனிலேயே என்னைக் கூட்டிப் போக வந்திருந்தான். அவன் முகம் வீங்கியிருந்தது. கண்ணுக்குக் கீழே பை. கல்யாணக் களை இப்படியா இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். வழியெல்லாம் ப்ளேன்டீ குடித்தான். எங்கள் ஊரில் பால் இல்லாத டீயைக் காய்ச்சல்காரனுக்குத்தான் கொடுப்பார்கள். இங்கே இஞ்சி தட்டிப் போட்டு, கருஞ்சிவப்பில், கண்ணாடிக் கிளாஸில் வருகிறது. இரண்டு கிளாஸ் குடித்த பிறகு பாலையே மறந்துபோனேன்.

சம்மாந்துறையைத் தாண்டி வயல்வெளி வந்தது. ஒரு எருமைக் கூட்டம் ரோட்டைக் கடந்தது. ரிபாஸ் வேனை நிறுத்தினான். எருமைகளுக்கு அவசரமே இல்லை. ஒன்று நடு ரோட்டில் நின்று என்னை ஆராய்ந்தது. கடைசி எருமையும் இறங்கிப்போன பிறகு வேன் நகரவில்லை. திரும்பிப் பார்த்தால் ரிபாஸின் தலை பின்னால் சாய்ந்து, வாய் திறந்து, தோஹாவில் கேட்ட அதே கச்சேரி தொடங்கியிருந்தது. பின்னால் ஒரு லொறி ஹோர்ன் அடித்தது. நான் அவன் தொடையில் ஓங்கி அறைந்தேன்.

"நித்திர கொள்ளல்ல மச்சான். கண்ணுக்கு ரெஸ்ட் குடுத்தன்."

வேன் நின்றிருந்ததால் தப்பித்தோம். எருமைகள் வராமல் இருந்திருந்தால்? கார் ஓட்டத் தெரியாத என் மேலும், எல்லாம் தெரிந்த அவன் மேலும் ஒரே சமயத்தில் கோபம் வந்தது. கல்முனை வரும்வரை அவன் காதருகே எனக்குத் தெரிந்த எல்லாப் பாட்டையும் உரக்கப் பாடினேன். அதைக் கேட்டுக்கொண்டு யாராலும் தூங்க முடியாது.

தங்கியது ரிபாஸின் ராத்தா ஜெசீமா வீட்டில். ராத்தா என்றால் அக்கா. ராத்தா என்னைப் பார்த்ததும் "இளைச்சுப்போய் இரிக்கிங்களே" என்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக என்னைப் பார்த்து ஒருவர் அப்படிச் சொல்கிறார். அந்த வீட்டை விட்டுப் போகவே எனக்கு மனம் வரவில்லை. இடியப்பம், சொதி, பாரை மீன் ஆணம், அதற்கு மேல் சட்டியோடு எருமைத் தயிர், அதன் மேல் கித்துள் பாணி என்கிற பனைப்பாகு. வழியில் ரோட்டை மறித்த எருமைகளை அப்போதே மன்னித்துவிட்டேன்.

மறுநாள் சிகிச்சையைத் தொடங்கினோம். புறப்படும் முன் மதுரையில் என் டாக்டரைக் கேட்டிருந்தேன். எடையைக் குறைக்கலாம், மல்லாக்கப் படுக்காமல் ஒருக்களித்துப் படுக்கலாம், நாக்குக்கும் தொண்டைக்கும் பயிற்சி செய்யலாம், பல் டாக்டரிடம் சொல்லித் தாடையை முன்னால் தள்ளும் கிளிப் செய்துகொள்ளலாம் என்றார். "ஆனால் உங்கள் நண்பருக்கு இருப்பது கடுமையான வகை. அவருக்கு இதெல்லாம் மெஷினுக்குத் துணைதான், மெஷினுக்குப் பதில் இல்லை" என்றும் சொன்னார். அப்படியே ரிபாஸிடம் ஒப்பித்தேன். அவன் முதல் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டான்.

எடையைக் குறைப்பது ராத்தாவின் சமையலறையைத் தாண்டவில்லை. பல் கிளிப்பைச் செய்து பழக வாரக்கணக்கில் ஆகும். மாப்பிள்ளை சிரிக்க வேண்டிய நேரத்தில் அது வேண்டாம் என்றுவிட்டான். மிஞ்சியது ஒருக்களித்துப் படுப்பது. சட்டையின் முதுகில் ஒரு பந்தை வைத்துத் தைத்துவிட்டால், மல்லாக்கத் திரும்பும்போதெல்லாம் குத்தும், மனிதன் தானாகவே புரண்டுவிடுவான். வீட்டில் கிரிக்கெட் டேப் பந்து ஒன்று கிடந்தது. ராத்தாவிடம் டீ-ஷர்ட்டைக் கொடுத்து, முதுகில் ஒரு பை தைத்துத் தரச் சொன்னோம்.

"முதுகுல என்னத்துக்கு பொக்கட்?"

"இந்தியாவில இப்ப இதுதான் பெஷன் ராத்தா" என்றான் ரிபாஸ். ராத்தா என்னைச் சுற்றி வந்து என் முதுகைப் பார்த்தார். அங்கே பை எதுவும் இல்லை. இருந்தாலும் தைத்துக் கொடுத்தார்.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு சோதனை. ரிபாஸ் பந்தோடு படுத்தான். நான் காவலுக்கு உட்கார்ந்தேன். முதல் தடவை மல்லாக்கத் திரும்பியவன் "உம்மா!" என்று கத்திக்கொண்டு எழுந்தான். இரண்டாம் தடவை புரண்டு கட்டிலிலிருந்து தரைக்கு வந்தான். மூன்றாம் தடவை பந்து இடுப்புக்கு நகர்ந்துவிட்டது. அவன் வில்லாக வளைந்து, வாயைத் திறந்து, நிம்மதியாகக் குறட்டை விட்டான். எனக்கு அந்த வைத்தியம் நன்றாகவே பலித்தது, காவலுக்கு உட்கார்ந்த நாற்காலியில் ஒருக்களித்துத் தூங்கிவிட்டேன்.

அடுத்த நாள் நாக்குப் பயிற்சி. நாக்கை அண்ணத்தில் ஒட்டிப் பின்னால் இழுக்க வேண்டும். வாயைத் திறந்து, நாக்கை இடமும் வலமும் வேகமாக ஆட்ட வேண்டும். நடுநடுவே தொண்டையைத் திறந்து நீளமாகக் குரல் எழுப்ப வேண்டும். கடற்கரையில் செய்து பார்த்தோம். கரைவலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் வலையை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்கள். "பேய் பிடிச்சிருக்கோ?" என்று ஒருவர் கேட்க, "ரெண்டு பேருக்குமா?" என்றார் இன்னொருவர். வீட்டுக்குத் திரும்பி, பின்வளவில் கிணற்றடியில் மறைவாகத் தொடர்ந்தோம்.

மறைவு என்று நினைத்தது எங்கள் மடத்தனம். வேலிக்கு அந்தப் பக்கம் பெண்கள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஊர்களில் கல்யாணத்துக்குப் பெண்கள் குரவை போடுவார்கள். வாயைத் திறந்து நாக்கைப் புரட்டி, தெருவே அதிரும்படி ஒரு சத்தம். ஆண்கள் அதைப் போடுவதில்லை. வேலி இடுக்கில் பார்த்தவர்களுக்கு ஒரே ஒரு விளக்கம்தான் தோன்றியிருக்கிறது. லுஹர் என்ற நடுப்பகல் தொழுகைக்குள் செய்தி நிந்தவூர் போய்ச் சேர்ந்துவிட்டது: மாப்பிள்ளை சந்தோஷம் தாங்காமல் தானே குரவை பழகுகிறார், அதற்கென்று இந்தியாவிலிருந்து ஒரு வாத்தியாரும் வந்திருக்கிறார்.

மறுநாள் காலை பெண்ணின் சாச்சி, அதாவது சின்னம்மா, ஒரு தட்டு வட்டிலப்பம் என்ற இனிப்போடு வந்து இறங்கினார். நிந்தவூர்க் கல்யாணங்களில் குரவைக்கு முதல் குரல் கொடுப்பவர் அவர்தானாம். முகமெல்லாம் பூரிப்பு.

"வெக்கப்படாதிங்க மாப்புள. எங்கட ஊர்ல ஆம்புள ஒருத்தரும் இதுக்கு ஆசப்பட்டதில்ல. ஒருக்காப் போட்டுக் காட்டுங்க."

ரிபாஸ் என்னைப் பார்த்தான். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் வாய்க்காது என்று கண்ணால் சொன்னேன். அவன் கண்ணை மூடி, வாயைத் திறந்து, குரவை போட்டான். அது பாதியில் இருமலாக மாறி, கடைசியில் தும்மலாக முடிந்தது. ராத்தா சிரிப்பை அடக்க முடியாமல் சமையலறைக்குள் ஓடிவிட்டார்.

சாச்சி தலையைச் சாய்த்து யோசித்தார். "நாக்கு நல்லாப் பொரளுது. சத்தம்தான் காணா." அதாவது, சத்தம் போதாதாம்.

இந்தியாவிலிருந்து வந்த வாத்தியாரையும் போட்டுக் காட்டச் சொன்னார். தொண்டை கட்டியிருக்கிறது என்று தப்பித்தேன்.

பகல் சாப்பாடு சஹனில். பெரிய தட்டில் நெய்ச்சோறும் கோழியும் குவித்து வைத்து, சுற்றி உட்கார்ந்து எல்லோரும் அதிலேயே சாப்பிடுவது. என் வீட்டில் என் தட்டில் யாராவது கை வைத்தால் சண்டைக்குப் போவேன். இங்கே ரிபாஸின் வாப்பா நல்ல துண்டாகப் பார்த்து என் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தார். தள்ளிய வேகத்துக்கு நானும் குறை வைக்கவில்லை.

சாப்பிட்டு முடித்து ரிபாஸ் விறாந்தை நாற்காலியில் சாய்ந்தான். உள்ளே பெண்களோடு சாப்பிட்டுவிட்டு வந்த சாச்சி எதிரே உட்கார்ந்து, கல்யாணத்தன்று யார் யார் வருவார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டாவது மாமாவின் மகனுக்கு வரும்போதே ரிபாஸிடமிருந்து குறட்டை கிளம்பிவிட்டது. "பாவம், அசதி" என்று சாச்சி சிரித்தார். பிறகு குறட்டை நின்றது. மூச்சும் நின்றது. நெஞ்சு அசையவில்லை. எனக்கு அது பழகிய விஷயம், இதோ வந்துவிடும் என்று தெரியும்.

சாச்சிக்கு அது முதல் தடவை. எழுந்து போய் அவன் மூக்கருகே விரலை வைத்தார். "காத்து இல்லையே!" என்றார். தலையில் கை வைத்துக்கொண்டு, மரணச் செய்தி கேட்டால் ஓதுவதை உரக்க ஓதத் தொடங்கினார். "இன்னா லில்லாஹி..."

ரிபாஸ் கர்ரென்று மூச்சை இழுத்துக்கொண்டு நிமிர்ந்தான். மரியாதையாகக் கேட்டான். "யாரு சாச்சி மௌத்து?"

"நீங்கதான் மனே!"

அதன் பிறகு யாராலும் எதையும் சமாளிக்க முடியவில்லை. சாச்சி ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, வட்டிலப்பத் தட்டைக்கூட எடுக்காமல் ஓட்டோவில் ஏறினார். கல்யாணம் போச்சு என்று ராத்தா அழத் தொடங்கினார்.

நான் ரிபாஸைக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போனேன். அந்த அளவுக்கு நான் யாரிடமும் கோபப்பட்டதில்லை. "பந்தைக் கட்டியாச்சு, நாக்கை ஆட்டியாச்சு. இனி ஒரே ஒரு வழிதான் பாக்கி. ரோட்டில வண்டியோட போய்ச் சேர்ந்துட்டா குறட்டை மொத்தமா நின்னுரும். அதுதான் வேணுமா?" என்றேன்.

"சொன்னாக் கல்யாணம் நிண்டுரும் மச்சான்."

"சொல்லாட்டி நீ நின்னுருவ."

அவன் கிணற்றுக் கட்டின் மேல் உட்கார்ந்தான். மணப்பெண் ஷிபானாவை அவனுக்கு எவ்வளவு பிடித்திருக்கிறது என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அவள் நிந்தவூரில் விஞ்ஞானம் படிப்பிக்கும் ஆசிரியை. இத்தனை வயதுக்குப் பிறகு தன்னை ஒருத்தி விரும்பிக் கேட்டாள், அவளுக்குத் தன்னுடைய நல்லது மட்டும் தெரிந்தால் போதும் என்று நினைத்தானாம். என் கோபமெல்லாம் இறங்கிப்போய், நாளைக்கு நாமே போய்ச் சொல்லுவோம் என்றேன்.

மறுநாள் நிந்தவூர். வேனை அவன்தான் ஓட்டினான், பக்கத்தில் என் மெஷினை மடியில் வைத்துக்கொண்டு நான் பாடினேன். பெண்ணின் தந்தை ஹாஜியார், வயல்காரர், மகளுக்காக அதே வளவில் புது வீடு கட்டி முடித்திருந்தார். பெயின்ட் வாசம் போகவில்லை. ஹோலில் எங்களை உட்கார வைத்தார். சாச்சி ரிபாஸைப் பார்த்ததும் இரண்டு அடி பின்வாங்கினார். ஷிபானா உள் கதவருகே நின்றாள்.

மிகவும் யோசித்து வைத்திருந்த பேச்சை ரிபாஸ் தொடங்கி, முதல் வரியிலேயே சிக்கிக்கொண்டான். நான் எழுந்தேன். வியாதியைச் சொன்னேன், மெஷினைச் சொன்னேன், போட்டுக்கொண்டு தூங்கினால் இவன் எல்லோரையும் போலத்தான் என்றேன்.

"வாயால சொல்றத எப்பிடி நம்புற?" என்றார் ஹாஜியார். "செஞ்சு காட்டுங்க."

டீவிக்குப் பின்னால் இருந்த பிளக்கில் என் மெஷினைச் சொருகினேன். பாயைப் போட்டார்கள். முகமூடியை மாட்டிக்கொண்டு படுத்தேன். சும்மா கண்ணை மூடிக் காட்டிவிட்டு எழுந்துவிடுவதாகத்தான் திட்டம். ஆனால் வந்த உடனேயே நெய்ச்சோறு போட்டிருந்தார்கள். ஜன்னலில் கடல் காற்று. மூக்கில் அந்தக் காற்று வந்தால் என் உடம்பு வேறு எதையும் யோசிப்பதில்லை. நண்பனின் வாழ்க்கை முடிவாகிற அந்த நேரம் முழுவதும், பெண் வீட்டார் நடுவில், நான் அடித்துப் போட்டாற்போலத் தூங்கினேன்.

விழித்தபோது ஹோலில் ஒருவரும் இல்லை. எங்கோ டமார் டமாரென்று சுவரை உடைக்கிற சத்தம். ஐயோ, ரிபாஸை அடிக்கிறார்கள் என்று முகமூடியோடு எழுந்து ஓடப் பார்த்தேன். குழாய் இழுத்தது, டீவி ஆடியது. கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போனேன்.

படுக்கையறையில் வயரிங் பாஸ், அங்கே எலெக்ட்ரீஷியனை அப்படித்தான் சொல்கிறார்கள், புதுப் பச்சைச் சுவரில் உளி வைத்து அடித்துக்கொண்டிருந்தார். ஹாஜியார் கன்னத்தில் கை வைத்து நின்றார். "ரெண்டு கோட் அடிச்ச செவுரு" என்று முனகினார். ரிபாஸ் மூலையில் நின்றான். ஷிபானா என்னைப் பார்த்தாள்.

"எழும்பிட்டிங்களா நானா?" என்றாள். நானா என்றால் அண்ணன். "நல்ல நித்திர. ஒரு சத்தமும் இல்ல, மூச்சு மட்டும் ஒழுங்கா வந்துபோச்சு. எல்லாரும் பாத்துட்டுத்தான் இருந்தம்." பிறகு கேட்டாள். "இவர் எந்தப் பக்கம் திரும்பிப் படுக்கிறவர்?"

"இடப்பக்கம்" என்றேன். தோஹாவில் எத்தனை ராத்திரி பார்த்திருப்பேன்.

"அப்ப பிளக்க இஞ்சால போடுங்க பாஸ்" என்றாள்.

புறப்படும்போது ரிபாஸ் வேனைத் தாண்டி நடந்து, நேராகப் பஸ் தரிப்பிடத்துக்குப் போனான். ஏன் என்று கேட்டேன். சாவி ஷிபானாவிடம் இருக்கிறதாம். அவன் மெஷினோடு ஒழுங்காகத் தூங்கி, டாக்டர் சரியென்று சொல்லும்வரை சாவி அங்கேதான் இருக்குமாம்.

"நான் தூங்கினப்ப என்னதான்டா நடந்துச்சு?"

"ஷிபானா குறட்டையப் பத்தி ஒண்டும் கேக்கல்ல மச்சான். ஒண்டே ஒண்டுதான் கேட்டா. 'நீங்க மூச்சு விடாமக் கிடக்கக்குள்ள நான் என்ன செய்யணும்?' தட்டி எழுப்பினாக் காணும் எண்டன். 'அப்ப நீங்க நித்திர கொள்ளுங்க, நான் விடியவிடிய உங்கட மூக்கப் பாத்துட்டு இரிக்கன். நாளைக்குப் பள்ளிக்கூடத்துல ஆரு படிப்பிக்கிற?' எண்டா. ஏசிப்போட்டு, உள்ளுக்குப் போய்க் கண்ணத் தொடச்சிட்டு வந்தா. மறுகாத்தான் பாஸக் கூப்பிட்டா."

பஸ் வந்தது. வேன்காரனுக்குப் பஸ்ஸில் எப்படி உட்கார்வது என்றே மறந்துபோயிருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து, முன் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். நிந்தவூரிலிருந்து கல்முனை வரும்வரை அவன் ஒரு கொட்டாவிகூட விடவில்லை.